பத்த வைக்காதீங்க, அண்ணா!

சிகரெட்டை விடுவது வெல்டருக்குப் புதிதல்ல, பலமுறை விட்டிருக்கிறார். டாக்டரின் அறிவுரையும் மனைவியின் கோபமும் ஒரு வாரத்துக்கு மேல் தாங்கியதில்லை. இந்தமுறை டாக்டர் ஒரு போன் நம்பரைச் சொன்னார்.

"ஆசை வந்தா உடனே எங்க ஆலோசகரைக் கூப்பிடுங்க."

அன்று மாலையே பட்டறை வாசலில் கை பரபரத்தது. கூப்பிட்டார்.

"மேடம், கையில தீப்பெட்டி இருக்கு. என்னால முடியல. பத்த வச்சிடுவேன் போலிருக்கு!"

"ஐயய்யோ, வேணாம் அண்ணா! அதைத் தூக்கி எறிங்க. பொண்டாட்டி பிள்ளைங்க கதி என்னாகும்? நான் லைன்லயே இருக்கேன், பேசுங்க!"

அந்தக் குரல் அழுதேவிட்டது. வெல்டர் ஆடிப்போனார். அவர் உயிருக்காக இப்படி யாரும் பதறியதில்லை. அதன்பின், "மறுபடியும் தோணுது மேடம்" என்று எப்போது கூப்பிட்டாலும் அதே பதற்றம், அதே கெஞ்சல். அந்தக் குரலை ஏமாற்ற அவருக்கு மனம் வரவில்லை.

மாதங்கள் ஓடின.

"மேடம், சிகரெட்டை அடியோட மறந்துட்டேன். ஆஸ்பத்திரிக்கே வந்து உங்களுக்கு நன்றி சொல்லணும்!"



"சிகரெட்டா? அண்ணா, இது தையல் கடை. நீங்க உங்களையே கொளுத்திக்கப் போறீங்கன்னுல்ல இத்தனை நாளா நான் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு இருந்தேன்!"