ஒரு பொத்தான் தள்ளி

ஆஸ்பத்திரிக் கட்டிலின் பாதிவரை வந்து கிடக்கிறது காலை வெயில். பக்கவாதத்தில் வலது கை விழுந்துபோன தையல்காரர், வீட்டுக்குக் கிளம்ப இடது கையாலேயே சட்டைப் பொத்தான்களை மாட்டிக்கொண்டிருக்கிறார். ஊருக்கே பொத்தான் தைத்தவர். ஊசியில் நூல் கோக்கும்போது போலவே நாக்கு நுனி உதட்டோரம் துருத்தி நிற்கிறது. கடைசிப் பொத்தானுக்குத் துளை மிச்சமில்லை. காலர் ஒரு பக்கம் காதுவரை ஏறியிருக்கிறது. "இருங்கப்பா, நான் போட்டு..." என்று எழும் மகளின் கையைப் பிடித்து உட்காரவைக்கிறாள் அவர் மனைவி. மூவரும் மெல்ல நடக்கிறார்கள். லிஃப்ட் கண்ணாடியில் தன்னைப் பார்த்ததும் அவர் நின்றுவிடுகிறார். "கோணலா இருக்குன்னு ஒருத்தரும் சொல்லலியே?" "நீங்க கேக்கலியே" என்கிறாள் மனைவி. அவர் இன்னொரு முறை கண்ணாடியைப் பார்க்கிறார். "இருக்கட்டும். நான் போட்டது."