மனிதருக்கு அல்ல

“மனிதப் புரதம்னு நீங்களே அச்சடிச்சு ஒட்டியிருக்கீங்க. அப்புறம் மனுஷங்களுக்குத் தர மாட்டேன்னா எப்படிம்மா?”

கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. திறந்திருந்த ஐஸ் பெட்டிக்குள் குப்பிகளை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். பெட்டியிலிருந்து எழுந்த வெள்ளைப் புகை அவள் முழங்கையைத் தடவி, மேஜை விளிம்பில் வழிந்து, காணாமல் போனது.

“ஆராய்ச்சிக் கூடத்துக்கு மட்டும்தான் சார். அதையும் அச்சடிச்சுத்தான் ஒட்டியிருக்கோம்.”

“என் பொண்ணுக்கு ஏழு வயசும்மா...”

“அந்த நோட்டுல பேரும் போன் நம்பரும் எழுதிட்டுக் கிளம்புங்க. வர்றவங்க எல்லாரும் எழுதணும்.”

பெயிண்ட் அடிக்கிற வேலை அவருக்கு. நீலம் காய்ந்த விரல்களால் பேரையும் நம்பரையும் எழுதினார்; ஆனால் கிளம்பவில்லை.

டாக்டர் அவருக்குப் புரிகிற மாதிரிதான் சொல்லியிருந்தார். “பாஸ்படேஸ்னு உடம்புக்குள்ள ஒரு வேலையாள் இருக்கான். நல்லா வேலை செய்வான், ஆனா நிறுத்தத் தெரியாது. அவனை மேய்க்க ஒரு மேஸ்திரி வேணும். உங்க பொண்ணு உடம்புல அந்த மேஸ்திரி இல்லை.” இதற்கு இன்னும் மருந்து வரவில்லை என்றும் சொன்னார்.

மேஸ்திரியைத் தேடி அவர் ஏறி இறங்காத படி இல்லை. கடைசியில் தெரிந்தவர் ஒருவர் செல்போனில் துழாவி இந்த விலாசத்தைக் கொடுத்தார். அந்தப் புரதத்தைக் கிருமிக்குள் வைத்து வளர்த்து, பிரித்தெடுத்து, பொடியாக்கி இங்கே விற்கிறார்களாம்.

“ஒரே ஒரு குப்பி போதும்மா. முன்னாடி அவளுக்கு வாலுன்னு பேரு. ஒரு இடத்துல நிக்க மாட்டா. இப்ப எழுந்து உக்காரவே முடியலை...”

“சார், எனக்கு வேலை இருக்கு.”

கல்நெஞ்சக்காரி. பிள்ளை பெற்றிருந்தால்தானே இவளுக்கெல்லாம் தெரியும்!

உள்ளே போன் அடித்தது. அவள் திரும்பினாள்.

கை எப்போது நீண்டது என்று அவருக்கே தெரியாது. பாதித் தூக்கத்தில் நடப்பது போல வெளியே வந்து பஸ் ஏறினார். சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு சில்லிப்பு மெல்ல நெஞ்சில் இறங்கிக்கொண்டிருந்தது.

ஜன்னலோர சீட். மதிய வெயில். கண் செருகியது.

முன்னால் ஒரு சுவர். அடித்து முடித்த பாகமெல்லாம் நீலம். சாத்தியிருந்த ஏணியில் வாலு ஏறிக்கொண்டிருந்தாள். “இறங்குடி, விழுந்துருவே!” என்றார். “நீதான் பிடிச்சிருக்கியேப்பா” என்று சிரித்தாள். ஏற ஏற ஏணி வளர்ந்தது. சுவருக்கு முடிவே இல்லை. எது பெயிண்ட், எது வானம் என்று தெரியவில்லை. அவள் குதிகாலில் மட்டும் ஒரு சொட்டு நீலம்.

“கடைசி ஸ்டாப், இறங்குங்க” என்று கண்டக்டர் தோளைத் தட்டினார்.

வீட்டில் மனைவி இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. பக்கத்து வீட்டு அக்கா, மகளை அவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினாள்.

“அப்பா, பையில என்ன?”

“மேஸ்திரி.”

“எந்த மேஸ்திரி?”

“உன்னை எழுப்பி நடக்க வைக்கப்போற மேஸ்திரி.”

அவள் கண்களை அகல விரித்தாள். “இத்தனூண்டா இருக்காரே!”

ஊசி போட அவருக்குத் தெரியும். தினமும் போடுகிற சத்து ஊசிக்காக நர்ஸ் கற்றுக்கொடுத்திருந்தாள். குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அடியில் கண்ணாடியில் ஊதிய மூச்சுக்காற்றைப் போல ஒரு வெண்மை. அவ்வளவுதான். மகள் சட்டைக் கையை மடித்து விட்டுத் தயாராகக் கையை நீட்டினாள்.

செல்போன் அடித்தது.

“சார், கவுண்டர்ல இருந்து பேசுறேன்.” குரல் கிசுகிசுத்தது. “போட்டுட்டீங்களா?”

“...இல்லை.”

மறுமுனையில் நீண்ட பெருமூச்சு. “போடாதீங்க சார். தயவுசெஞ்சு போடாதீங்க. அது கிருமியில வளர்த்தது. அந்தக் கிருமியோட அழுக்கு கொஞ்சம் அதுல ஒட்டியிருக்கும். சோதனைக் குழாய்ல பரவாயில்லை. ரத்தத்துல கலந்தா காய்ச்சல் தூக்கி அடிச்சிரும். சின்ன உடம்பு தாங்காது.”

“போலீசுக்குச் சொல்லிட்டீங்களா?”

“என் கை தவறி உடைஞ்சிருச்சுன்னு எழுதிட்டேன். நீங்க திருப்பித் தர வேண்டாம். தூக்கிப் போட்டுருங்க, போதும்.”

நீட்டிய கை நீட்டியபடி மகள் காத்திருந்தாள். அவருக்கு எங்கிருந்தோ கோபம் பொங்கிக்கொண்டு வந்தது.

“பொய்! சரக்கு போச்சேன்னு என்னைப் பயமுறுத்துறீங்க. காய்ச்சல் வரும், தாங்காதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க என்ன டாக்டரா?”

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று செல்போனைப் பார்த்துவிட்டு மறுபடியும் காதில் வைத்தார்.

“டாக்டர் இல்லை சார். நானும் ஒருநாள் இதே மாதிரி ஒண்ணு எடுத்துட்டுப் போனேன், என் பையனுக்கு” என்றாள் அவள். “அன்னைக்கு எனக்கு போன் பண்ண யாரும் இல்லை.”