முதல் வரியில் ஓர் எழுத்து

கேம் ஓடவில்லை. லோரி படம் வரும், ஒரு தடவை உறுமும், உடனே மூடிக்கொள்ளும். காலையிலிருந்து இதே கூத்து.

குரு கட்டிலில் சாய்ந்தபடி மறுபடி மறுபடி தட்டினான். இடது கையால். இருப்பது அது ஒன்றுதான். போன வருஷம் வடக்கு நெடுஞ்சாலையில் கவிழ்ந்த லோரியோடு வலது கையும் இரண்டு காலும் போய்விட்டன.

“யாரோ கம்ப்யூட்டரை நோண்டியிருக்காங்கம்மா. நேத்து நாம தெரப்பிக்குப் போயிருந்தப்ப.”

தனலெட்சுமிக்கு யாரென்று கேட்க வேண்டியதில்லை. நேற்று வீட்டில் இருந்தது ஒரே ஆள்.

ஹாலில் பழனியப்பன் டெலிவரி தாளை விரித்து, மேலே பிள்ளையார் சுழி போட்டுக்கொண்டிருந்தார். அது போடாமல் அந்த மனிதர் ஒரு வரி எழுத மாட்டார். மகன் கஞ்சியைத் தொடாமல் கிடக்கிறான், இவருக்குச் சுழி ஒரு கேடு!

“கம்ப்யூட்டரைத் தொட்டது நீங்கதானே?”

“ஆமா.”

“என்ன செஞ்சீங்க?”

பேனா நின்றது.

“தெரியாமத் தொட்டேன்னு மட்டும் சொல்லாதீங்க. கோயில் நோட்டீஸ் அடிக்கிறேன்னு அதுல தமிழ் ஏத்தினதே நீங்கதான்.”

“தொலையட்டும், விடு.”

தொலைய வேண்டும் என்றுதான் இவருக்கு ஆசை. கேமில் லோரி கிளம்பினாலே முகம் சுருங்கும். குருவின் ஒற்றைக் கை பிரேக்குக்குப் போய்ச் சேர்வதற்குள் அங்கேயும் லோரி கவிழும். குரு மேஜையில் ஓங்கி அடிப்பான். இவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். ‘ஒரு நாள் அந்தப் பொட்டியை உடைக்கிறேன் பாரு’ என்று கத்தியும் இருக்கிறார்.

உள்ளேயிருந்து குரு குரல் கொடுத்தான்.

“அந்த ஆளைக் கேட்டு என்ன ஆகப்போகுது? அன்னைக்கு அது யாரு டிரிப்பு? குடிச்சிட்டு எழுந்திரிக்க முடியாமக் கிடந்தது யாரு? நான்தானே போனேன்!”

“அப்பாவைப் போய் இப்படி...”

“அப்பான்னு சொல்லாதே!”

பிறகு குரலை இறக்கினான். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

“அந்த லோரில உட்கார்ந்தாதாம்மா நான் மனுஷன். கவிழ்ந்தாலும் பரவால்ல. அதுவும் இல்லேன்னா எனக்கு எதுக்குக் கஞ்சி?”

முன்பு ஒரு தடவை இப்படிப் பேசிவிட்டுத்தான் இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். பிழைத்தது பெரும்பாடு.

தனலெட்சுமி யோசிக்கவில்லை. கம்ப்யூட்டர் பொட்டியைத் துண்டில் சுற்றிச் சந்தைக்குக் கொண்டுபோகும் பாசார் பையில் வைத்தாள். கிள்ளானில் டிரெயின் ஏறப் போனாள்.

“பையில என்ன ஆன்டி, துரியான் பழமா? நாறும், டிரெயின்ல கூடாது லா,” என்றான் ஸ்டேஷன் காவலாளி.

துண்டை விலக்கிக் காட்டிவிட்டு ஏறினாள்.

பிரிக்பீல்ட்ஸில் புடவைக் கடைக்கு மாடியில் நிலோபரின் ரிப்பேர் கடை. முப்பது வயதுப் பெண். முக்காடும் மூக்குக்கண்ணாடியுமாக அவள் பொட்டியை வாங்கி மாட்டினாள்.

“எப்படி ஆன்டி கெட்டுச்சு?”

“எங்கே கெட்டுச்சு? கெடுத்தது. என் வீட்டுக்காரர் வேலை. பெத்த மகன் மேலே அவ்வளவு பாசம்!”

நிலோபர் சிரிக்கவில்லை. திரையில் எதையோ மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தாள்.

“ஆன்டி, கோவிச்சுக்காதீங்க. உங்க மகனுக்கு இடது கை மட்டுந்தானா?”

“உனக்கெப்படித் தெரியும்?”

“ஸ்டேரிங், பிரேக், கியர், ஹார்ன், எல்லாத்தையும் கீபோர்டுல இடது பக்கமாக் கொண்டாந்திருக்காங்க. அஞ்சு விரலுக்குள்ள. பழைய கேம் லா இது. ஃபைலுக்குள்ள போய் ஒவ்வொண்ணா மாத்தணும். கண்ணு போயிடும். ஒரு இடத்துலகூட தப்பு இல்ல.”

“அப்புறம் ஏன் ஓடல?”

“முதல் வரியில ஒரு எழுத்து நிக்குது. இந்த கேமுக்குத் தமிழ் தெரியாது ஆன்டி. அதைப் பார்த்ததும் படுத்துடுது.”

திரையைத் திருப்பிக் காட்டினாள். மேலே, தனியாக, நடுவில்:

உ

தனலெட்சுமி ஸ்டூலைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“இது உங்க சாமி எழுத்துதானே?” நிலோபர் கையை எடுத்துக்கொண்டாள். “நான் அழிக்கலாமா?”

“இரு. நான் அழிக்கிறேன்.”

தலையில் குட்டிக்கொண்டு, அவள் காட்டிய பட்டனை அழுத்தினாள்.

கேம் திறந்தது.

சாயங்காலம் கிள்ளானில் குரு லோரியைக் கிளப்பினான். விரல்கள் முதலில் தடுமாறின. பிறகு நின்ற இடத்திலேயே எல்லாம் கிடைத்தது. மலைப்பாதை, வளைவு, எதிரே பஸ். பிரேக் பிடித்தது. லோரி கவிழவில்லை.

“ம்மா! எல்லாம் கைக்குள்ளேயே இருக்கும்மா!” கண்ணைத் துடைக்கவும் அவனுக்கு அந்தக் கைதான். துடைக்கவில்லை. “கடைக்கார அக்காவா செஞ்சாங்க?”

ஹாலில் பழனியப்பன் வேண்டாம் என்று கையசைத்தார். கால் செருப்பைத் தேடியது.

தனலெட்சுமி வாசல் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

“அவ இல்லடா.”

“பின்னே யாரு?”

“உங்கப்பா.”