கையா, கம்ப்யூட்டரா

"டாக்டரே, மறைக்காம சொல்லணும். கம்ப்யூட்டர் வச்சுச் செய்யுத ஆபரேஷன்தானே நல்லது?"

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே ஈசாக் கேட்டார். கையில் பழைய எக்ஸ்ரே உறை. பாறசாலையிலிருந்து முதல் பஸ் பிடித்து நெய்யாற்றின்கரைக்கு வந்து, சீட்டெடுத்து, பதினோராவது ஆளாக உள்ளே வந்திருந்தார்.

டாக்டர் சுந்தரதாஸ் சிரித்துவிட்டார். முழங்கால் முட்டு மாற்றும் ஆபரேஷனைக் கம்ப்யூட்டர் துணையோடு செய்வது எப்படி என்று படிக்க ஒரு வருஷம் ஜெர்மனிக்குப் போயிருந்தவர். திரும்பி வந்து மூன்று நாள்தான் ஆகிறது.

"ஈசாக் அண்ணா, சுகந்தானான்னு ஒரு வார்த்தை கேக்கப்பிடாதா? நேரே கம்ப்யூட்டரா?"

"சுகத்தைப் பெறவு கேக்கேன். இதைச் சொல்லுங்க."

"சத்தியபாய் அக்காவைக் கூட்டிட்டு வரல்லியா?"

"இல்ல. நான் மட்டுந்தான்."

"முட்டுவலி அவங்களுக்கு, ஆஸ்பத்திரிக்கு வாறது நீங்களாக்கும். கொள்ளாம், நல்லாருக்கு!"

நர்ஸ் லிஷா வாயைப் பொத்திக்கொண்டாள். ஈசாக் சிரிக்கவில்லை.

போன வருஷம், தொண்ணூற்றெட்டில், இதே ஆஸ்பத்திரியில் அவர் மனைவி சத்தியபாய்க்குக் கட்டில் கொடுத்தாகிவிட்டது. மறுநாள் காலையில் ஆபரேஷன். சாயங்காலம் சபையின் பெண்கள் சங்கத்தார் வந்து, கட்டிலைச் சுற்றி நின்று ஜெபித்தார்கள். பாதி ஜெபத்தில் ஈசாக் ஒரு மலையாள வார இதழோடு ஓடிவந்தார். வெளிநாட்டில் கம்ப்யூட்டர் அளந்து சொல்ல, அதன்படி எலும்பை அறுக்கிறார்களாம்!

"மனுஷன் கை விறைக்கும், நடுங்கும். கம்ப்யூட்டருக்கு விறைக்குமா? அது இங்க வாறது வரைக்கும் இருப்போம்" என்று அன்றைக்கே மனைவியை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். ஆமென் சொல்லக்கூட அந்தப் பெண்களுக்கு நேரம் கிடைக்கவில்லை, பாவம். தன் மனைவிக்கு ஆக நல்லதே கிடைக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு. வேறொன்றும் இல்லை.

"அக்கா அன்னைக்கே சொன்னாங்க, அண்ணா. கையோ கம்ப்யூட்டரோ, எனக்கு நடந்தாப் போரும்னு. நீங்கதான் கேக்கல்ல."

"அதை விடுங்க. ஜெர்மனியில கண்ணால பாத்தியளே, எது நல்லது?"

டாக்டர் ஒரு தாளை எடுத்து இரண்டு கால்களை வரைந்தார்.

"எக்ஸ்ரேயில பாத்தா, கம்ப்யூட்டர் வச்சுச் செஞ்ச கால் கொஞ்சம் கூடுதல் நேரா இருக்கும். அது உள்ளதுதான்."

ஈசாக்கின் முகம் தெளிந்தது. "அப்படிச் சொல்லுங்க! அப்ப நான் காத்திருந்தது சரிதானே?"

"முழுசும் கேளுங்க. ஆறு மாசம் கழிஞ்சு, கையால செஞ்சவங்க, கம்ப்யூட்டர் வச்சுச் செஞ்சவங்க, ரெண்டு கூட்டத்தையும் நடக்க வச்சுப் பாத்தோம். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல்ல. வலி குறைஞ்சதும் ஒண்ணுபோல, நடையும் ஒண்ணுபோல."

"படி ஏறது?"

"ஒண்ணுபோல."

"வேகமாட்டு நாலு எட்டு வைக்கது?"

"அக்காவை என்ன, ஓட்டப்பந்தயத்துக்கா விடப்போறிய?"

"சொல்லுங்க டாக்டரே."

"வைக்கலாம், அண்ணா. ரெண்டிலயும் வைக்கலாம். பத்துப் பதினஞ்சு வருஷம் கழிஞ்சா ஏதாவது வித்தியாசம் தெரியுமோ என்னமோ."

"பத்து வருஷக் கதை எனக்கு வேண்டாம். அன்னைக்கு நீங்க கையால செஞ்சிருந்தா, ஆறு மாசத்தில அவ நல்லா நடந்திருப்பாளா?"

"முக்காவாசிப் பேரும் நடக்காங்க. அக்காவும் நடந்திருப்பாங்க."

"உறப்பாட்டா, நிச்சயமா?"

"என் மனசில உள்ளதைச் சொல்லுதேன். நடந்திருப்பாங்க."

ஈசாக் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். இரண்டு கால்களும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

டாக்டருக்கு மனசு கேட்கவில்லை. "போனது போகட்டு, அண்ணா. ஒரு வருஷந்தானே! திங்கக்கிழமை அக்காவைக் கொண்டு வாருங்க. நானே செய்யுதேன், இந்தக் கையால" என்று சீட்டு எழுதி நீட்டினார்.

ஈசாக் அதை வாங்கவில்லை.

"மூணு மாசம் முன்ன, ஆராதனை கழிஞ்சு வரும்ப, ரெண்டு பேருமாட்டு தண்டவாளம் கடந்தோம், டாக்டரே. ரயில் வண்டி வாறதைக் கண்டு நான் இந்தப் பக்கம் குதிச்சுச் சாடிட்டேன், அவளுக்கு முட்டு மடங்கல்ல. கம்ப்யூட்டர்தான் நல்லதுன்னு நீங்க ஒரு வாக்கு சொல்லியிருந்தா, அவளைக் கொன்னது நானில்லன்னு நெனச்சு ஒரு நாளாவது ஒறங்கியிருப்பேன்."