அவளுக்கு எழுதியதெல்லாம்

"அவளுக்கு எழுதின அத்தனை டெஸ்ட்டும் எனக்கும் எழுதுங்க டாக்டர். ஒண்ணுகூட விடக்கூடாது."

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். பக்கத்து நாற்காலியில் மூன்று மாத வயிற்றோடு உட்கார்ந்திருந்த சின்ன மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"உங்களுக்கு எதுக்கும்மா?"

"பூனைப் பீயில கிருமி இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? தினமும் அதை அள்றது யாரு, அவளா?"

பெரிய மருமகள் கேட்டது நியாயம்தான். பூனை சின்னவளுடையது. ஆனால் அந்தக் கிருமி வயிற்றுப் பிள்ளையின் கண்ணையும் மூளையையும் கெடுக்கும் என்று தெரிந்த அன்றே மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "பூனையோட மண் தட்டைப் பெரியவ பார்த்துப்பா. அவளுக்கென்ன, வயித்துல ஒண்ணா ரெண்டா?"

நாளெல்லாம் துணிக்கடையில் நின்றுவிட்டு வந்து, அவள் வெறுங்கையால் தட்டைத் தேய்த்துக் கழுவினாள். சோபாவில் காலை நீட்டிக்கொண்டு சின்னவள் பழச்சாறு குடித்தாள். "அக்கா, கையை நல்லா சோப்புப் போட்டுக் கழுவிடுங்க" என்று அக்கறை வேறு!

பெரியவளுக்கு வயிறு எரிந்தது. கல்யாணமாகி ஒன்பது வருடம். நாள் கணக்குப் பார்ப்பதையே அவள் எப்போதோ விட்டுவிட்டாள்.

ஒரு வாரமாகக் கழுத்தில் நெறி கட்டியிருந்தது. கடையில் நின்றபடியே கண் செருகியது. ஏதாவது ஒரு வியாதி தனக்கும் வந்து தொலைக்கட்டும், ஒரு டம்ளர் வெந்நீராவது யாராவது கொண்டுவந்து தரட்டும் என்றுதான் ரத்தமும் சிறுநீரும் கொடுத்தாள்.

முடிவு வந்த அன்று மாமியாரும் கூட வந்தார்.

"சின்னவங்களுக்கு ஒண்ணுமில்ல. கிருமி பெரியவங்களுக்குத்தான் வந்திருக்கு. அதுவும் புதுசா."

"பெரியவளுக்குத்தானே? நல்லவேளை" என்று மாமியார் பெருமூச்சு விட்டார்.

பெரியவளுக்கு அழுகை முட்டியது. ஆனாலும் சின்னவளிடம் இல்லாத ஒன்று தன்னிடம் இருக்கிறது என்று உள்ளே ஒரு அற்பத் திருப்தி.

"பெரியவங்க உடம்புக்கு இது சாதாரணக் காய்ச்சல் மாதிரிதான். தானா வந்து தானாப் போயிடும்" என்றார் டாக்டரம்மா.

அந்தத் திருப்தியும் போயிற்று. வியாதியிலும் தனக்கு மதிப்பில்லை.

ஆனால் டாக்டரம்மாவின் பேனா நிற்கவில்லை. மருந்துச் சீட்டு ஒரு பக்கம் நிறைந்து மறுபக்கம் போனது.

"தானாப் போறதுக்கு எதுக்கும்மா இவளுக்கு இத்தனை மருந்து?" என்று மாமியார் முகம் சுளித்தார்.

"மருந்து இவங்களுக்கு இல்ல. இவங்க வயித்துல இருக்கிற குழந்தைக்கு."