ஸ்டெப்னிக்கு அடியில் சேறு

அந்தப் பெரிய காரின் டிக்கியில், கம்பளத்துக்கு அடியில் படுத்திருந்த ஸ்டெப்னிக்கு ஒரே ஒரு ஆசை. வாங்க வருகிறவன் தன்னை ஒரு தடவை தூக்கிப் பார்க்க வேண்டும். போன மழையில் கார் வெள்ளத்தில் முழுகிக் கிடந்தபோது உள்ளே வந்த சேறு, இன்னும் அதன் அடியில்தான் காய்ந்து கிடந்தது.

"எவனும் தூக்க மாட்டான்," என்றது புரோக்கர் புதிதாக வைத்த சென்ட் பாட்டில். "மோந்துதான் பார்ப்பான். அதுக்குத்தானே என்னை வெச்சிருக்கு!"

காரை வாங்கத் தணிகாசலம் வந்தார். மோந்து பார்த்தார். சீட்டைத் தடவினார். டிக்கியைத் திறந்து, "நாலு பெட்டி தாராளமா வைக்கலாம்," என்று மூடினார். அப்புறம் நம்பர் பிளேட் முன்னால் குந்தி, விரல்விட்டுக் கூட்டினார். மூன்று தடவை கூட்டினார். அதில் மட்டும் அவரை யாரும் ஏமாற்ற முடியாது.

"கூட்டினா அஞ்சு வருது! என் ராசி நம்பர்! முடிச்சிடுங்க."

"இவ்வளவு கூட்டத் தெரிஞ்சவனுக்கு என்னைத் தூக்கத் தெரியலையே," என்று ஸ்டெப்னி காறித் துப்பாத குறையாகச் சொன்னது.

மறுநாள் கோயில் வாசலில் பூஜை. சக்கரத்துக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். தணிகாசலம் சாவியைத் திருகினார். கார் இருமியது, நகரவில்லை. எலுமிச்சம்பழங்கள் முழுசாக உட்கார்ந்திருந்தன.

"கண்ணு பட்டிருச்சு!" என்று இறங்கி ஓடிவந்து டிக்கியைத் திறந்தார். இப்போதாவது தூக்குவார் என்று ஸ்டெப்னி மூச்சைப் பிடித்துக்கொண்டது.

கம்பளத்தின் மேலே வைத்திருந்த திருஷ்டிப் பூசணிக்காயை எடுத்துக்கொண்டு, டிக்கியை அடித்துச் சாத்தினார்.