கொடிக்கால் வாசலில் செருப்பு

பரமத்தி வேலூர்க் கொடிக்கால் வாசலில் இன்றும் அர்த்தநாரியின் செருப்பு கிடந்தது. வெற்றிலைக் கொடிக்காலுக்குள் யாரும் செருப்போடு போகமாட்டார்கள். உள்ளே இருப்பவரை வாசலே காட்டிக் கொடுத்துவிடும். அவர் மனைவி தெய்வநாயகிக்கு வயிறு எரிந்தது.

உள்ளே வெற்றிலை கிள்ளுகிறவள் சின்னாயி. எடுத்ததற்கெல்லாம் சிரிக்கிறவள்.

கோயம்புத்தூர் ஆராய்ச்சிச்சாலையில் நுண்ணோக்கியே கதியென்று கிடந்த மனுஷர், வெள்ளைக்காரத் துரை கொடுத்த வேலையை உதறிவிட்டு, பத்திரிகைகளுக்கு விஞ்ஞானம் எழுதப்போகிறேன் என்று ஊர் வந்து சேர்ந்தார். ஊரே கைகொட்டிச் சிரித்தபோது தெய்வநாயகி மட்டும்தான் பக்கத்தில் நின்றாள்.

எழுதியதை முதலில் அவளுக்குத்தான் படித்துக் காட்டுவார். முடிக்கும் முன்பே, "புரிஞ்சுதுங்க, நல்லா இருக்குதுங்க" என்பாள். அவையெல்லாம் போன வேகத்தில் பட்டணத்துப் பத்திரிகைகளிலிருந்து திரும்பி வந்தன.

ஆடி பிறந்ததிலிருந்து வீட்டில் படிப்பது நின்றது. மத்தியானமானால் காகிதக் கட்டோடு கொடிக்காலுக்குக் கிளம்பிவிடுகிறார். கட்டுரைகளும் வரிசையாக அச்சாகின்றன. அதுதான் அவளுக்குப் பொறுக்கவே இல்லை.

இன்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். அகத்தி மர மறைவில் நின்று காதைத் தீட்டினாள்.

"பால்ல இருக்கற கிருமிதான் சின்னாயி, அதைத் தயிராக்குது" என்றது அர்த்தநாரியின் குரல்.

"கண்ணுக்கே தெரியாதுங்கறீங்க. அப்பறம் நீங்க மட்டும் எப்படிப் பாத்தீங்க? எனக்கு ஒண்ணும் புரியலீங்க சாமி."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். வீட்டில் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று.

தெய்வநாயகி நேரே போய் எதிரில் நின்றாள். "அஞ்சாவது படிச்சவ நான் ஊட்டுல இருக்கறேன். எழுத்து வாசனையே தெரியாத இவகிட்ட என்னங்க பேச்சு?"

அவர் பதறவில்லை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"கோவிச்சுக்காத புள்ள. இவ புரியலைங்கற எடத்தையெல்லாம் மாத்தி எழுதறேன். அச்சாகுது. உனக்குத்தான் எல்லாமே புரிஞ்சு போயிடுதே, உங்கிட்டப் படிச்சு நான் எதைத் திருத்த?"

தெய்வநாயகி சின்னாயியைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். அஞ்சாவது படித்த கௌரவம் ஒரு கணம் தடுத்தது. பிறகு, சின்னாயியை ஒதுக்கிவிட்டு வரப்பில் அவர் பக்கத்தில் அழுத்தமாக உட்கார்ந்தாள்.

"இத்தன வருசமா எனக்கு ஒரு எழவும் புரிஞ்சதில்லீங்க."